அண்ணி தொடாத வண்டி

என் அண்ணியைப் பற்றி யாராவது ஏடாகூடமாகப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனார் என்றாலே அண்ணியைக் குறை சொல்லப் பிறந்தவள் என்று எல்லோரும் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். என் அண்ணன் செத்த பிறகு எத்தனை பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உனக்கு அவ மேல கோவமே வரலையா?” என்று கேட்டார்கள் தெரியுமா? வந்தது. கேட்டவர்கள் மேல் வந்தது. அண்ணி எப்படிப்பட்டவள், அன்றைக்கு என்ன நடந்தது என்பதை அவர்கள் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது நல்லது.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நர்ஸ் இல்லை. ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, ஆவியில் வைத்துக் கிருமி நீக்கி, தட்டில் அடுக்கி, துணியில் சுற்றிக் கட்டி அனுப்புகிற அறையில் வேலை. ஜன்னல் கிடையாது. ஒரு கதவு வழியாக அழுக்கு வரும், இன்னொரு கதவு வழியாகச் சுத்தம் போகும். நடுவில் நாள் முழுக்க வெந்துகொண்டு இவள். ஒவ்வொரு இடுக்கியையும் திறந்து மூடி, முனை சரியாகச் சேர்கிறதா என்று விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். “வயித்தைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிற டாக்டர் கையில மழுங்கின கத்தரிக்கோலைக் குடுத்தா என்ன ஆகும்? அந்த நேரத்துல கீழ எறங்கி வந்து என்னைத் திட்டிக்கிட்டா இருப்பாரு?” என்பாள். வீட்டிலும் அதே கதைதான். கேஸை மூடிவிட்டுத் திரும்பி வந்து ஒரு முறை பார்ப்பாள். பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்ப்பாள். “விடு, பூட்டு அழுதுடும்” என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அண்ணன் கூரியர் ஆபீசில் பார்சல் எடை போடுகிறவன். கையில் எதைக் கொடுத்தாலும் தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவான். சித்தப்பா வீட்டில் பிறந்த குழந்தையைத் தூக்கிப் பார்த்து எடை சொல்லி, சித்தியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஊர் எடையெல்லாம் தெரிந்தவனுக்குத் தன் எடை மட்டும் தெரியவில்லை. தொப்பை போட்டது, சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு ஒரு ரோட் சைக்கிள் வாங்கி வந்தான். வளைந்த கைப்பிடி, விரல் தடிமனில் டயர். அதில் ஏறிக் குனிந்தபோது தொப்பை தொடையில் இடித்தது. அண்ணி வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு நாய் குரைத்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அவன் ஒரு கூட்டத்தோடு சைக்கிளில் கிளம்பிவிடுவான். இவள் வீட்டில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். லாரி இடித்துவிட்டதோ, மயக்கம் போட்டு விழுந்துவிட்டானோ என்று மனதுக்குள்ளேயே ஆயிரம் ஓட்டுவாள். கடைசியில், “இங்க உக்காந்து சாகறதுக்கு நானும் கூடவே வந்து தொலைக்கறேன்” என்றாள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. வயதோ நாற்பதைத் தாண்டிவிட்டது. கூரியர் ஆபீஸ் பின்னால் வண்டிகள் நிறுத்துகிற காலி இடத்தில், லீவு நாட்களில் அண்ணன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். இரண்டு முட்டியிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள். அவனும் மூச்சு வாங்க ஓடி ஓடியே கொஞ்சம் இளைத்தான். அந்த நாட்களில் அவர்கள் இரண்டு பேரையும் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு என்னையும் இழுத்துவிட்டாள். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், உட்கார்ந்த இடத்திலேயே ஆயுள் முடிந்துவிடும் என்று பயமுறுத்தியே இழுத்தாள். கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் இருப்போம். ஒரு பல் டாக்டர்தான் தலைவர். எங்கள் கூட்டத்திலேயே சைக்கிள் கடை வைத்திருக்கிற ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் ஸ்பேனர்தான், அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள். நான் எப்போதும் கடைசி. அதனால் எனக்கு வால் என்று பெயர்.

கூட்டமாக ஓட்டுவதென்றால் சும்மா இல்லை. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நம் முன்சக்கரம் போகும். எனக்கு முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர ரோட்டில் எதுவுமே தெரியாது. அதனால் முன்னால் போகிறவர் பள்ளத்தைப் பார்த்தால் கையைக் காட்டிக் கத்த வேண்டும். அடுத்தவர் கேட்டு, அவர் கத்த வேண்டும். இப்படியே வாய் மாறி வாய் மாறி அந்தச் சத்தம் வால் வரைக்கும் வந்து சேரும். நம் கண் நமக்கு உதவாது, அடுத்தவன் வாய்தான் உதவும். முதல் மாதம் நான் பிரேக்கிலிருந்து விரலையே எடுக்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

அண்ணி சேர்ந்த புதிதில் ஒருவருக்கு இறக்கத்தில் பிரேக் கம்பி அறுந்து, நேராக ஒரு வேலிக்குள் போய் விழுந்தார். எல்லோரும் கைகொட்டிச் சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அறுந்த கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நாளாகவே பாதி இற்றுப்போயிருந்தது. “இதைக் காலையில பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே! சிரிக்கிறீங்க?” என்று பல் டாக்டரையே ஒரு பிடி பிடித்தாள். அடுத்த ஞாயிறிலிருந்து அவள்தான் எங்களுக்கு இன்ஸ்பெக்டர். மூடியிருக்கிற மரக்கடை வாசலில் நாங்கள் வரிசையாக வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். டயரை அழுத்துவாள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவாள். முன்சக்கரத்தைத் தூக்கித் தரையில் போட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பாள். கடைசியாக நம் தாடைக்குக் கீழே இரண்டு விரலை விட்டு ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்ப்பாள். எல்லாம் சரியாக இருந்தால் கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போவாள். அந்தத் தட்டு விழாத வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது என்பது கூட்டத்தின் சட்டம். “இன்ஸ்பெக்டர் வர்றாங்க, தொப்பையை உள்ள இழு” என்று அண்ணன் ஒவ்வொரு வாரமும் சொல்வான். ஒவ்வொரு வாரமும் அவன் வயிற்றில் ஒரு குத்து விழும்.

ஊருக்கு வெளியே ஒரு குன்று உண்டு. ஏறி இறங்கினால் அன்றைய ஓட்டம் முடிந்த மாதிரி. வாரநாளில் அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அந்த மேட்டில் பாதி வரை ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். பயிற்சி என்றால் பயிற்சி, அவளிடம் அரைகுறை வேலையே கிடையாது. அதனால் மேட்டில் எப்போதும் அவள்தான் முதல். உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதன் நிழலில் நின்று நாங்கள் வரும்வரை காத்திருப்பாள். அண்ணன் இறக்கத்தில் புலி, ஏற்றத்தில் பூனை. எனக்குக் கொஞ்சம் முன்னால் நாக்குத் தள்ள வந்து சேருவான். “ஒரு தடவையாவது உன் கூடவே ஏறி வந்து உன் பக்கத்துல நிக்கணும்டி” என்பான். இவள், “வயித்துல அஞ்சு கிலோவைக் குறைங்க, நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்” என்பாள்.

அவன் வயிற்றைக் குறைக்கவில்லை. வண்டியைக் குறைக்க ஆரம்பித்தான். இந்தப் பைத்தியம் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு, என் அண்ணனுக்கு முற்றிவிட்டது. எடை போடுகிறவன் இல்லையா? சீட்டைக் கழற்றி ஆபீஸ் தராசில் வைப்பான். பெடலை வைப்பான். மணியைக் கழற்றி எறிந்தான். பாட்டில் மாட்டுகிற வளையத்தில் ஓட்டை போட்டான். நாலு பிஸ்கட் தின்றால் திரும்பி வந்துவிடுகிற எடையைக் குறைக்க ஒரு மாதம் அலைவான். நாங்கள் செய்யாத கிண்டல் இல்லை, ஆனால் அவன் எதையும் காதில் வாங்கவில்லை.

கடைசியாகத்தான் அந்த ஃபோர்க் வந்தது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற கவை அது. அதிலிருந்து ஒரு குழாய் மேலே போகும், அதன் தலையில்தான் கைப்பிடி மாட்டியிருக்கும். அவனுடைய வண்டியில் இருந்தது இரும்பு. யாரோ ஒருவர் தன் கார்பன் ஃபோர்க்கைப் பாதி விலைக்குத் தருவதாகப் போனில் விளம்பரம் போட்டிருந்தார். கார்பன் என்றால் கறுப்பாக, பளபளவென்று, பஞ்சு மாதிரி எடை. அதில் ஒரு கஷ்டம் உண்டு. இரும்பு அடிபட்டால் வளைந்து காட்டிவிடும். கார்பன் உள்ளே நொறுங்கியிருந்தாலும் வெளியே மினுக்கிக்கொண்டு நிற்கும். அதனால்தான் யார் ஓட்டியது, எங்கே விழுந்தது என்று தெரியாத கார்பனைத் தொடாதே என்று ஸ்பேனர் எல்லோரிடமும் கரடியாய்க் கத்துவார்.

அண்ணன் அதை வாங்கிக்கொண்டு நேராக ஸ்பேனரிடம்தான் போனான். அவர் கையிலேயே வாங்கவில்லை. “அண்ணே, இது எந்த வண்டியில இருந்து வந்துச்சுன்னு தெரியாது. நான் மாட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். இவன் வீட்டுக்கு வந்து, பால்கனியில் உட்கார்ந்து, தானே சாவி போட்டுத் திருகி மாட்டிவிட்டான். வேலை முடிந்து வந்த அண்ணி அதைப் பார்த்தாள்.

அன்று நான் அங்கே இருந்தேன். அவர்களிடம் கொடுத்து வைத்திருந்த என் கடைச் சாவியை வாங்கப் போயிருந்தேன்.

“ஸ்பேனரே மாட்ட மாட்டேன்னுட்டாரா இல்லையா?” என்று கேட்டாள்.

“அவனுக்குப் பயம். புதுசு வித்தாத்தானே அவனுக்கு லாபம்? நல்லாத்தான் இருக்கு. தட்டிப் பாத்தேன்.”

“தட்டிப் பாத்தாரு! வீட்டுல ஒருத்தி தெனமும் எண்ணி எண்ணிப் பாத்து அனுப்பற வேலை செய்யறா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா வேண்டாம்னுவ.”

“அது தெரிஞ்சும் மாட்டிட்டீங்கல்ல?”

அவன் சிரித்தான். அந்த நேரத்தில் சிரித்திருக்கக் கூடாது. “நானூறு கிராம்டி, அடுத்த வாரம் மேட்டுல பாரு” என்றான்.

அண்ணி அதற்கப்புறம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “அதைக் கழட்டற வரைக்கும் உங்க வண்டியை நான் தொட மாட்டேன். உங்ககூடப் பேசவும் மாட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சொன்னால் சொன்னதுதான். அந்த வாரம் முழுக்க அவனுக்கு டீ போட்டு மேஜையில் வைப்பாள், போய்விடுவாள். அவன் என் கடைக்கு வந்து, “உங்க அண்ணி என்னை இல்லாத ஆளா ஆக்கிட்டா. நீயாச்சும் சொல்லேன்” என்றான். “நீ மொதல்ல அதைக் கழட்டு” என்றேன். “மேட்டுல ஒரு தடவை ஏறிட்டுக் கழட்டிடறேன். சத்தியமா” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மரக்கடை வாசலில் வரிசையாக நின்றோம். அண்ணி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அண்ணன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, தாடையைத் தூக்கி, ஹெல்மெட் வாரைக் காட்டிக்கொண்டு நின்றான். அவள் பக்கத்து வண்டியின் கைப்பிடியைத் தட்டினாள். அண்ணனைத் தாண்டி, அடுத்த வண்டியின் டயரை அழுத்தினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. “இன்ஸ்பெக்டர் வீட்டுலயே சண்டையா?” என்று பல் டாக்டர் கேட்டார். அண்ணனும் சேர்ந்து சிரித்தான், ஆனால் அவன் தாடை இன்னும் கொஞ்ச நேரம் தூக்கினபடியே இருந்தது. தட்டு விழாத வண்டி இறங்கக் கூடாது என்ற சட்டத்தை ஒருவரும் எடுத்துப் பேசவில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு மேட்டில் அவன் என்னைத் தாண்டிப் போனான், எனக்கு முன்னால் இருந்தவர்களையும் தாண்டினான். நானூறு கிராம் அல்ல, அவன் பிடிவாதம் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. நான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது தொட்டிக்குப் பக்கத்தில் அண்ணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் பக்கத்தில் வண்டியோடு நின்றான். முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் பல். “பாத்தியா? உனக்குப் பின்னாலயே வந்துட்டேன், பாத்தியா?” என்று கேட்டான். அண்ணி பாட்டிலை மூடினாள். மூடியைத் திருகித் திருகி இறுக்கினாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

இறக்கத்தில் அவன்தான் எப்போதும் முதலில் போவான். இடைவெளி விட்டு ஒவ்வொருவராக இறங்கினோம். அண்ணி நடுவில் இருந்தாள், நான் வால். குன்றின் அடியில் பெட்ரோல் பங்குக்கு முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. அண்ணன் கையைத் தூக்கி, “மேடு!” என்று கத்தினான். பிறகு பிரேக்கைப் பிடித்தான். கைப்பிடி அவன் கையோடு கழன்று வந்தது.

இது எதையும் நான் பார்க்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம்தான் வந்தது. மேடு, மேடு, மேடு என்று வாய் மாறி வாய் மாறி வந்தது. அது என்னிடம் வந்து, நான் பிரேக்கைத் தொட்டபோது என் அண்ணன் ரோட்டில் கிடந்தான். பின்னால் வந்த ஒருத்தரும் விழவில்லை.

அண்ணி வண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவளுக்கு ஓடியது. அவன் கழுத்தை யாரும் திருப்பக் கூடாது என்று எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். ஹெல்மெட்டில் ஒரு கீறல்தான் இருந்தது, தலைக்கு ஒன்றுமில்லை. கைப்பிடியின் முனை வயிற்றில் இறங்கியிருந்தது. அவன் கண் திறந்துதான் இருந்தது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நாடியைப் பார்த்தாள், ரத்தத்தை அழுத்திப் பிடித்தாள், ஆம்புலன்ஸுக்கு வழி சொன்னாள். எல்லோருக்கும் கட்டளை போட்டாள். அவனிடம் பேச அவளுக்கு நேரமில்லை.

அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். நேராக ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வராந்தாவில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, “வயித்து ஆபரேஷன் தட்டு நேத்து சாயங்காலம் நான் கட்டினதுடி. எல்லாத்தையும் பாத்துத்தான் வச்சேன். ஒண்ணும் கொறை இருக்காது” என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். தட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் என் அண்ணன் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி என்ன சொல்ல? துக்கம் கேட்க வந்தவர்களா, வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வந்தவர்களா என்று தெரியவில்லை. இந்த வயசில் சைக்கிள் எதற்கு என்றார் ஒருவர். அவர் தினமும் இரண்டு பாக்கெட் சிகரெட் பிடிப்பவர். “நீ வேண்டாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டியாமே. நீ சொன்னதுதான் சரி. அவன் கேக்கலை” என்று அண்ணியிடம் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் முகத்தில் அறை வாங்கினதுபோல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் என்னிடம், “நான் சொன்னது சரியாம். அதை வச்சு நான் என்னடி பண்ணட்டும்?” என்று கேட்டாள்.

அதைவிடக் கொடுமை எங்கள் கூட்டத்திலிருந்தே வந்தது. பார்க்க வந்தவர்களில் ஒருவர் மாடிப்படியில் செருப்பு மாட்டிக்கொண்டே, “அன்னிக்கு மத்த வண்டியை ஆட்டின மாதிரி அதையும் ஒரு தடவை ஆட்டிப் பாத்திருந்தா சத்தம் காட்டிக் குடுத்திருக்கும்” என்று இன்னொருவரிடம் சொன்னார். கதவு திறந்திருந்தது. நான் படியில் இறங்கிப் போய் அவரை என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. திரும்பி வந்து பார்த்தால் அண்ணி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பேச்சு அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேலைக்குத் திரும்பிப் போனாள். கட்டின தட்டைப் பிரிப்பாள், மறுபடி பார்ப்பாள், மறுபடி கட்டுவாள், மறுபடி பிரிப்பாள். மேலே டாக்டர்கள் காத்திருக்க, கீழே இவள் ஒரு தட்டைக்கூடக் கையை விட்டு அனுப்பவில்லை. மேற்பார்வை பார்க்கிற அம்மாள் நல்ல மாதிரி, திட்டவில்லை. வீட்டில் இருந்துவிட்டு மனசு சரியான பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டையும் விட்டாள், தூக்கத்தையும் விட்டாள். “ஆட்டியிருந்தா சத்தம் வந்திருக்குமாடி?” என்பதுதான் அவளுடைய ஒரே பேச்சு. நான் வராது என்பேன். “உனக்கென்ன தெரியும், நீ ஜெராக்ஸ் போடறவ” என்பாள். அதுவும் நியாயம்தான்.

உடைந்த வண்டியைப் பல் டாக்டர் தன் காரில் எடுத்துக்கொண்டு போய் ஸ்பேனர் கடையில் போட்டிருந்தார். ஒருவரும் அதைத் தொடவில்லை. அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அண்ணி ஒரே பிடியாக நின்றாள்.  பார்த்து, ஆட்டியிருந்தால் தெரிந்திருக்கும் என்று ஆகிவிட்டால்? அண்ணனைக் கொடுத்துவிட்டேன், இவளையும் கொடுக்கவா? முந்தின நாளே ஸ்பேனருக்குப் போன் போட்டேன். “எதுவா இருந்தாலும் சரி, யார் பாத்தாலும் தெரியாதுன்னு சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்” என்றேன். அவர் “பாத்துட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

கடையில் கிரீஸ் வாசனை. உத்தரத்தில் சக்கரங்கள் தொங்கின. அண்ணன் வண்டி சுவரோரம் சாக்கு போட்டு மூடிக் கிடந்தது. அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, “இவ உங்களுக்குப் போன் பண்ணினாளா?” என்று கேட்டாள்.

ஸ்பேனர் என்னைப் பார்த்தார். “பண்ணினாங்க.”

“அப்ப நீங்க வாயால சொல்றது எதுவும் எனக்கு வேண்டாம். காட்டுங்க.”

எனக்குத் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அவர் சாக்கை எடுத்தார். ஃபோர்க்கின் குழாய், கைப்பிடியை மாட்டுகிற இடத்திலேயே குறுக்காக உடைந்திருந்தது. விளக்கை இழுத்துக் கிட்டே கொண்டுவந்து உடைந்த வாயைக் காட்டினார். ஒரு பக்கம் கறுப்பாக, நார் நாராக, புதிதாகப் பிய்ந்திருந்தது. மறுபக்கம் சாம்பல் நிறமாக, பழைய கிரீஸும் அழுக்கும் ஏறிப் போயிருந்தது.

“இந்த அழுக்குப் பக்கம் பழைய வெடிப்பு. அண்ணன் வாங்கறதுக்கு முன்னாடியே இருந்தது. யாரோ விழுந்திருக்காங்க. இந்தப் புதுப் பக்கம் அன்னிக்கு விட்டது.”

“வெடிப்பு இருந்துச்சுல்ல? அப்பத் தெரிஞ்சிருக்கும்ல?”

ஸ்பேனர் உடைந்த இரண்டு முனையையும் சேர்த்துப் பொருத்தினார். கைப்பிடியைக் குழாயோடு கவ்விப் பிடிக்கிற இரும்புத் துண்டை எடுத்து, அது இருந்த இடத்திலேயே மாட்டி இறுக்கினார். அழுக்குப் பக்கம் முழுசாக அதற்குள் மறைந்துபோனது. “இப்ப உங்க கையாலயே பாருங்க” என்று நீட்டினார். அண்ணி வாங்கிக்கொண்டாள். விளக்குக்கு நேராகப் பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுற்றிலும் தடவினாள். ஆட்டினாள், காதருகே வைத்து ஆட்டினாள், தரையில் தட்டினாள். அவள் வேலை செய்வதை நான் அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.

“இது கவ்விப் பிடிச்சிருக்கிற வரைக்கும் ஆடாதுக்கா. நீங்க பண்ற சோதனையில மாட்டாது. நானா இருந்தாலும் கழட்டினாத்தான் கண்டுபிடிப்பேன். காலைல ரோட்டோரத்துல நின்னு யாரும் கழட்ட மாட்டாங்க” என்றார் ஸ்பேனர்.

“அப்ப நான் பாத்திருந்தாலும் நல்லா இருக்குன்னுதான் விட்டிருப்பேன்.”

“ஆமாக்கா.”

“நான் தொட்டிருந்தாலும் அவரு போயிருப்பாரு.”

“ஆமாக்கா.”

எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, இவள் தப்பித்தாள் என்று நினைத்தேன். அந்தப் பழி இறங்கிவிட்டது, இனிமேல் சாப்பிடுவாள், தூங்குவாள், வேலைக்குப் போவாள். “கேட்டீங்களா அண்ணி? உங்க தப்பு ஒண்ணுமே இல்லை. வாங்க வீட்டுக்குப் போகலாம்” என்று கையைப் பிடித்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் பேசியிருக்கலாம்லடி?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“எப்படியும் போறவரு. என்னால தடுத்திருக்கவே முடியாது. அப்ப எதுக்குடி ஒரு வாரம் பேசாம இருந்தேன்? பேசினா கழட்ட மாட்டாரு, பேசாம இருந்தாத்தான் பயந்து கழட்டுவாருன்னுதானே வாயைக் கட்டினேன்? மலை மேல மூச்சு வாங்க வந்து நின்னு கேட்டாரே. பாத்தியா, பாத்தியான்னு எத்தனை ஆசையாக் கேட்டாரு. பாத்தேங்கன்னு சொல்ல எனக்கு வாயில என்னடி வந்துச்சு? கீழே கெடக்கும்போதும் என்னையே பாத்துக்கிட்டிருந்தாரே. இன்னும் கோவமா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரேடி!”

  பிடித்திருந்த அவள் கையை நான் விட்டேன். ஸ்பேனர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். அண்ணன் செத்த நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூட அழாதவள், அந்த உடைந்த துண்டை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு குனிந்தாள். என்னிடம் பேசவில்லை.

“என்னங்க,” என்றாள். “எனக்குக் கோவம் இல்லைங்க.”